ஒரே புழுக்கம், வேறு வேறு சாவு: 1918 பம்பாய்க் காய்ச்சல் நமக்குச் சொல்வது

"வெயில் ஏறட்டும், கிருமி தானாகச் செத்துவிடும்." 2020 கோடையில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. ஏப்ரலில் வெப்பம் வந்ததும் தொற்று போய்விடும் என்று அமெரிக்க அதிபராக இருந்த டிரம்ப் பிப்ரவரியிலேயே சொன்னார். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சுற்றுக்கு விட்டன. அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 2021 ஏப்ரல், மே மாதங்களில், கோடை உச்சத்தில் இருந்தபோதுதான் இந்தியா தன் மிக மோசமான கொரோனா அலையைச் சந்தித்தது. மே முதல் வாரத்தில் ஒரே நாளில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. "நம்முடையது புழுக்கமான நாடு, நெருக்கமாக வாழும் மக்கள், காய்ச்சல் பரவத்தான் செய்யும்" என்பார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் தொடங்கி இன்றைய தொலைக்காட்சி நிபுணர்கள் வரை இப்படிச் சொன்னவர்கள் ஏராளம். இந்த இரண்டு பேச்சுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தெரியும். ஆனால் இரண்டுமே பொறுப்பை வானத்தின் தலையில் கட்டிவிடுகின்றன. வானத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

எனவே இளம் தோழர்களோடு சேர்ந்து பழைய கணக்கு ஒன்றைத் திருப்பிப் பார்க்க விரும்புகிறோம். அது 1918இல் பம்பாய் நகராட்சி எடுத்த கணக்கு. ஒரே நகரம், ஒரே மழைக்காலம், ஒரே புழுக்கம், ஒரே கிருமி. ஆனால் சாவு ஒன்றாக இல்லை.

வானிலை செய்வது என்ன

முதலில் அறிவியலை நேர்மையாகப் பேசிவிடுவோம். சுவாச நோய்களுக்கும் வானிலைக்கும் தொடர்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தொடர்பு உண்டு.

இன்ஃப்ளூயன்சா கிருமி குளிர்ந்த, வறண்ட காற்றில் அதிக நேரம் உயிர்ப்போடு இருக்கிறது. இருமும்போது வெளிவரும் நீர்த்துளிகள் வறண்ட காற்றில் விரைவில் சுருங்கி, இலேசாகி, நெடுநேரம் மிதக்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலமே காய்ச்சல் காலமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் கதை வேறு. இந்தியாவின் பெரும்பகுதியில் இன்ஃப்ளூயன்சா கூடுவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் கூடுகிறது. ஸ்ரீநகரில் மட்டும் ஐரோப்பாவைப் போலக் குளிர்காலத்தில் கூடுகிறது. ஒரே நாட்டுக்குள் மூன்று பருவங்கள்.

ஈரப்பதம் கிருமிக்கு எதிரி என்றால் மழைக்காலத்தில் ஏன் கூடுகிறது? இதற்கு ஒரு ஆய்வு நல்ல வழி காட்டுகிறது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் கினிப் பன்றிகளை வைத்துச் சோதனை செய்தார்கள். காற்று மட்டும் கடந்துபோகும்படி தனித்தனிக் கூண்டுகளில் வைத்தபோது, 5 டிகிரி குளிரில் காய்ச்சல் எளிதாகத் தொற்றியது, 30 டிகிரி வெப்பத்தில் தொற்று நின்றுபோனது. ஆனால் நோயுற்ற விலங்கையும் நோயற்ற விலங்கையும் ஒரே கூண்டில் வைத்தபோது, அதே 30 டிகிரியிலும் காய்ச்சல் பரவியது.

இந்த முடிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி இருக்கும் இடத்தில் வெப்பம் பாதுகாக்கிறது. இடைவெளி இல்லாத இடத்தில் வெப்பத்தால் பயனில்லை. வெப்ப நாட்டில் மழை கொட்டும்போது எல்லோரும் ஒரே அறைக்குள் ஒதுங்குகிறார்கள், சன்னல் இருந்தால் அதுவும் மூடப்படுகிறது, அடுப்புப் புகையும் ஈரச் சுவரும் சேர்ந்துகொள்கின்றன. அப்படியானால் வெப்ப நாடுகளில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வெப்பமானி பற்றியது மட்டுமல்ல. இடைவெளி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும்தான்.

1918: ஜூன் முதல் அக்டோபர் வரை

முதல் உலகப்போரின் கடைசி ஆண்டு. 1918 ஜூன் 10ஆம் தேதி பம்பாயில் ஏழு போலீஸ்காரர்கள் மலேரியா அல்லாத ஒரு காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவல் பணியில் இருந்தவர். போர்க்களங்களிலிருந்து துருப்புக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் அது. அடுத்த சில நாட்களில் கப்பல் கம்பெனி ஊழியர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் என்று காய்ச்சல் நகருக்குள் நுழைந்தது. பருவமழை தொடங்கும், புழுக்கம் உச்சத்தில் இருக்கும் வாரங்கள் அவை. அந்த முதல் அலை வேகமாகப் பரவியது, ஆனால் கொன்றது குறைவு.

இரண்டாம் அலை செப்டம்பரில் வந்தது. அந்த ஆண்டு பருவமழை பொய்த்திருந்தது. நாடு முழுவதும் மழை வழக்கத்தைவிடக் கால்பங்கு அளவு குறைவு. தானிய விலை ஏறிக்கொண்டே போனது. தக்காணத்தில் பயிர் கருக, பசியோடு இருந்த மக்கள் பிழைப்புத் தேடி நகருக்கு வந்தார்கள். பல மருத்துவர்கள் போர்ப் பணிக்குப் போயிருந்தார்கள். மழை விலகியதும் அக்டோபரில் பம்பாயில் மீண்டும் ஒரு சிறு கோடை வரும். அந்த வெக்கைக்கு நடுவேதான், அக்டோபர் 6ஆம் தேதி, நகரில் ஒரே நாளில் 768 சாவுகள் பதிவாயின.

பம்பாய் மாகாணம் முழுவதும் சில மாதங்களில் சுமார் 10 இலட்சம் பேர் இறந்தார்கள். இந்தியா முழுமைக்கும் அரசின் முதல் மதிப்பீடு 60 இலட்சம். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை இரு மடங்குக்கு மேல் உயர்த்தியது. பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 1.2 கோடிக்கும் 1.8 கோடிக்கும் இடையே நிற்கின்றன. இன்றைய இந்திய எல்லைக்குள் மக்கள்தொகை 1911இல் 25.21 கோடி, 1921இல் 25.13 கோடி. கணக்கெடுப்பு வரலாற்றிலேயே மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அது.

மாகாணங்களுக்கு இடையே வித்தியாசம் இருந்தது உண்மை. மேற்கு, மத்திய, வட இந்தியாவில் சாவு அதிகம், சென்னை மாகாணத்திலும் வங்காளத்திலும் குறைவு. இதற்கு வானிலையைக் காரணம் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. பகலில் சூடு, இரவில் குளிர் என்று வறண்டு கிடந்த பகுதிகளில் காய்ச்சல் கடுமையாக இருந்தது என்கிறார்கள். பஞ்சம் கடுமையாக இருந்த பகுதிகளும் பெரும்பாலும் அவையே. மாகாணத்துக்கு மாகாணம் வந்த வித்தியாசத்தில் வானிலைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஒரே நகரத்துக்குள் தெருவுக்குத் தெரு வந்த வித்தியாசத்தை வானிலை விளக்காது.

அந்தக் கணக்கு

பம்பாய் நகராட்சி இன்ஃப்ளூயன்சா சாவுகளைச் சமூகவாரியாகப் பதிவு செய்தது. 1918 பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டும் கணக்கு இது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே அளவு:

ஐரோப்பியர் – 8.3
பார்சிகள் – 9.0
ஆங்கிலோ இந்தியர் – 11.9
யூதர் – 14.8
இந்தியக் கிறிஸ்தவர் – 18.4
சாதி இந்துக்கள் – 18.9
முஸ்லிம்கள் – 19.2
"தாழ்ந்த சாதி" இந்துக்கள் – 61.6

கடைசி வரியில் அன்றைய அரசு பயன்படுத்திய சொல்லை அப்படியே வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டவர்கள் மகர்கள், மாங்குகள், சாம்பார்கள் போன்ற நம் மக்கள். பதினாறு பேரில் ஒருவர். சாதி இந்துக்களைவிட மூன்று மடங்குக்கு மேல். ஐரோப்பியர்களைவிட ஏழு மடங்குக்கு மேல்.

இது நூறாண்டுக்கு முந்தைய பதிவு, வயதுவாரியாகப் பிரிக்கப்படாத விகிதம். புள்ளிகளில் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் பதிவுப் பிழையால் மூன்று மடங்கும் ஏழு மடங்கும் வந்துவிடாது.

"அது ஏழ்மையின் கணக்கு, சாதியின் கணக்கு அல்ல" என்று உடனே சிலர் சொல்வார்கள். கல்லூரி விவாதங்களில் நீங்கள் தவறாமல் சந்திக்கும் வாதம் இது. கணக்கை மறுபடி பாருங்கள். பம்பாய் முஸ்லிம்களில் பணக்கார வணிகர்களும் இருந்தார்கள், மதன்புரா போன்ற நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நெசவாளர்களும் இருந்தார்கள். சாதி இந்துக்களில் இரத்னகிரியிலிருந்தும் சதாராவிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் பலராகத் தங்கிய ஆலைக் கூலிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை ஏழைகளையும் உள்ளடக்கிய பிறகும் அந்த வரிசைகள் 19ஐ ஒட்டியே நிற்கின்றன. 61.6 தனியாக நிற்கிறது. ஏழ்மை எல்லாச் சமூகங்களிலும் ஒரு பகுதியைக் கொன்றது. சாதி ஒரு சமூகத்தை மொத்தமாக ஏழ்மைக்குள் தள்ளி, வெளியேறும் வழியையும் அடைத்தது. அதுவே அந்தத் தனி எண்.

காற்றைப் பங்கிட்டது யார்

இந்தக் கதை 1918இல் தொடங்கவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. நகரில் காற்றோட்டம் இல்லாததே காரணம் என்று முடிவு செய்த அரசு, 1898இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. கடற்காற்று நகருக்குள் வர வேண்டும் என்று நெரிசலான பகுதிகளை இடித்து பிரின்சஸ் தெரு போன்ற அகலமான சாலைகளை வெட்டினார்கள். காற்று வந்தது. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளுக்கு ஈடாகப் போதிய வீடுகள் எழவில்லை. வீடு இழந்தவர்கள் பக்கத்துத் தெருக்களின் அறைகளில் போய் நெருக்கினார்கள். ஒரு தெருவுக்குக் காற்று கொடுக்க இன்னொரு தெருவின் மூச்சை இறுக்கினார்கள்.

1911 கணக்கெடுப்பின்படி பம்பாய் மக்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வரிசையாக அறைகள் கொண்ட மாடிக் கட்டடங்களுக்குச் சால் என்று பெயர். தலித்துகளுக்குப் பல சால்களில் அறையே கிடைக்காது. கிடைக்காதவர்கள் ஓலையும் பழைய தகரமும் கொண்டு வேய்ந்த குடிசைகளில் இருந்தார்கள். மழைக்காலத்தில் தரையே ஈரம், உள்ளே நின்றால் கூரை தலையில் இடிக்கும். டிரஸ்ட் கட்டிய சால்களில் ஒன்றில், பரேல் பகுதியில், இரண்டு சிறு அறைகளில் அம்பேத்கரின் குடும்பம் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோதும் அவரது முகவரி பம்பாயின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த அந்தச் சால்தான்.

ஆலைக்குள் போனால் வேறொரு புழுக்கம். பருத்தி நூல் வறண்ட காற்றில் அறுந்துவிடும். ஆகவே ஆலைக் கூடங்களில் செயற்கையாக ஈரத்தைச் செலுத்தினார்கள். வெளியே கோடை முடிந்தாலும் உள்ளே முடியாது. 1911 தொழிற்சாலைச் சட்டத்தின்படி வயதுவந்த ஆண் தொழிலாளியை நாளுக்கு 12 மணி நேரம் வரை அதற்குள் நிறுத்தலாம்.

அங்கேயும் சாதி இருந்தது. கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ, புதிய நூலை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித்தின் எச்சில் பட்ட நாடாவைத் தொட்டால் தீட்டு என்று சாதி இந்து நெசவாளர்கள் மறுத்தார்கள். வாய்க்கு வாய் மாறும் நாடா காசநோயைப் பரப்பக்கூடிய பழக்கம் என்பதால் பிற நாடுகளில் அதை எதிர்த்துப் போராடினார்கள். இங்கே எச்சிலைப் பற்றி வந்த ஒரே கவலை தீட்டு. நோய் பரப்பும் பழக்கம் அப்படியே இருந்தது, தலித்துகள்தான் வெளியே நிறுத்தப்பட்டார்கள். கூலி குறைந்த நூற்புப் பிரிவு அவர்களுக்கு என்று ஆனது. 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்கும் கோரிக்கையைச் சேர்க்கும்படி தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் வற்புறுத்த வேண்டியிருந்தது. குறைந்த கூலி என்றால் குறைந்த உணவு, இன்னும் சிறிய இடம், காய்ச்சலோடும் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம். 61.6க்குப் போகும் பாதைகளில் இதுவும் ஒன்று.

மருத்துவத்திலும் இதே பங்கீடு. பிளேக் காலத்திலேயே பம்பாயில் ஒவ்வொரு வசதியான சமூகமும் தனக்கென்று மருத்துவமனை திறந்துகொண்டது. தன் சாதிச் சங்கத்தில் பணக்காரர்கள் இல்லாதவர்களுக்கு அந்தக் கதவுகள் ஏது?

நகரத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்தால், பம்பாய் மாகாண ஊர்களில் மகர்களுக்கு வதன் என்ற பெயரில் சுமத்தப்பட்ட கடமைகள் இருந்தன. சாவுச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டு போவது அவற்றில் ஒன்று, சுடுகாட்டுக்கு விறகு சேர்ப்பது இன்னொன்று. தமிழ்நாட்டுச் சேரிகளில் பறையடித்துச் சாவு சொல்வதும் வெட்டியான் வேலையும் யார் தலையில் கட்டப்பட்டன என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீடு வீடாகச் சாவு விழுந்த ஒரு பருவத்தில், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டபோது, வீடு வீடாக நடக்க வேண்டியவர்கள் அவர்கள். பதிவேடுகளில் இதற்குத் தனிக் கணக்கு இல்லை. ஆனால் யாருக்கு விலகி நிற்கும் உரிமை இருந்தது என்பது தெளிவு.

பெண்களையும் மறக்கக் கூடாது. 1918இல் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். மிச்சத்தை உண்டு, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுப்புப் புகையில் மூச்சு விட்டவர்கள் அவர்கள். தலித் பெண்களுக்கு இரண்டு சுமைகளும் ஒன்றாக விழுந்தன.

நூறு ஆண்டு கழித்து

2020 ஜூலையில் மும்பையின் மூன்று வட்டாரங்களில் இரத்த மாதிரி ஆய்வு நடந்தது. நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை அதில் பங்கேற்றன. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குக் கொரோனா ஏற்கனவே வந்துபோயிருந்தது. அதே வட்டாரங்களின் மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். மும்பையின் ஏப்ரல், மே, ஜூன் எவ்வளவு புழுங்கும் என்று தாராவியில் சொந்தக்காரர்கள் இருக்கும் திருநெல்வேலிக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். ஒரே புழுக்கம், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் 57, அந்தப் பக்கம் 16. இது தொற்றின் கணக்கு, சாவின் கணக்கு அல்ல, இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் வெப்பம் யாரைக் காத்தது என்ற கேள்விக்கு இது போதுமான பதில்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. 2020 ஆய்வில் குடிசை, குடிசை அல்லாதது என்ற பிரிவு இருந்தது. சாதி இல்லை. கொரோனா சாவுகளை இந்திய அரசு சாதிவாரியாக வெளியிடவே இல்லை. நம் மக்களை ஆள வந்த ஒரு காலனி நகராட்சி, நம்மீது அன்பு கொண்டு அல்ல, தன் நிர்வாகப் பழக்கத்தால், 1918இல் ஒரு வரி எழுதி வைத்தது. அந்த ஒரு வரி இருப்பதால்தான் இன்று நாம் 61.6 என்று பேச முடிகிறது. அரசியலமைப்பும் வாக்குரிமையும் இட ஒதுக்கீடும் பெற்ற பிறகு, நம் சாவுகளுக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்பவர்களுக்குக் கணக்கு இல்லாமல் இருப்பது வசதியாக இருக்கிறது.

1919 ஜனவரியில், காய்ச்சல் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தபோது, அம்பேத்கர் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்து, தீண்டப்படாதோருக்கு வாக்குரிமையும் தனிப் பிரதிநிதித்துவமும் கேட்டார். அன்று பம்பாய் நகராட்சியைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொத்தும் வரியும் உள்ளவர்கள். எந்தத் தெருவுக்குக் கடற்காற்று, எந்தத் தெருவுக்கு இடிப்பு என்று முடிவு செய்த அவைகளில் ஓலைக் குடிசைக்காரருக்குக் குரல் இல்லை. பிரதிநிதித்துவம் என்பது பதவி ஆசை என்று இன்றும் கேலி பேசுகிறவர்களுக்கு அந்த நகரத்தின் சாவுக் கணக்கே பதில்.

இனி செய்ய வேண்டியது என்ன? அரசின் தொகுப்பு வீடுகளின் அறை அளவும் சன்னல் அளவும் சுவாச நோய்க் கேள்விகள் என்று பேசத் தொடங்குவோம். ஊருக்கு வெளியே, தாழ்வான இடத்தில், மழைநீர் தேங்கும் ஓரத்தில் காலனி ஒதுக்கப்படும்போது, அது நிலப் பிரச்சினை மட்டுமல்ல, மூச்சுப் பிரச்சினையும்கூட என்று மனுவில் எழுதுவோம். சென்னைக்கு அக்டோபரில் வரும் காய்ச்சலுக்குத் தடுப்பூசி எப்போது, யாருக்கு முதலில், தூய்மைப் பணியாளர்களுக்கு உண்டா என்று மழைக்கு முன்பே கேட்போம். பொது சுகாதாரம் படிக்கும் தோழர்கள், தங்கள் ஆய்வுகளில் வெப்பநிலை, ஈரப்பதம் என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் சாதி என்ற மூன்றாவது பத்தியையும் சேர்க்கட்டும். அடுத்த தொற்று வரும்போது இறந்தோர் பட்டியலில் சாதிவாரிக் கணக்கை வெளியிட வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இப்போதே எழ வேண்டும். தொற்று வந்த பிறகு கேட்டால் "இது அரசியல் பேசும் நேரமா" என்பார்கள்.